பிரிட்டனில் கம்பெனி வரித் தவணை: கூட்டிக் கட்டுவதா, குறைத்துக் கட்டுவதா, கம்பெனிகளை ஒன்றாக்குவதா?

பிரிட்டனில் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு கார்ப்பரேஷன் டாக்ஸ் என்றதும் மனதில் வருவது ஒரே தேதிதான்: கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும். டிசம்பர் 31-இல் கணக்கு முடிக்கிறவர் அடுத்த அக்டோபர் 1-க்குள் கட்டினால் போதும், அதுவரை அந்தப் பணம் சரக்கிலும் சம்பளத்திலும் ஓடிக்கொண்டிருக்கும். வியாபாரம் நன்றாக நடந்து லாபம் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டால் இந்த வசதி போய்விடுகிறது. ஆண்டு பாதி ஓடியிருக்கும்போதே, இன்னும் சம்பாதிக்காத லாபத்தையும் சேர்த்து மதிப்பிட்டு, நான்கு தவணைகளில் கட்டத் தொடங்க வேண்டும்.

லண்டனில் நம் ஆட்களின் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கும்போது, முதல்முறை இந்தக் கோட்டைத் தொடுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள். சரியாக மதிப்பிட்டுக் கட்ட முடியுமா, கொஞ்சம் குறைத்துக் கட்டிவிட்டு வட்டியைக் கொடுத்துவிடலாமா, பயத்துக்குக் கூட்டிக் கட்டினால் பணம் முடங்குமா, இல்லை கம்பெனிகளையே ஒன்றாக்கிவிட்டால் தப்பலாமா. நான்குக்கும் பதில் உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. அதனால்தான் கணக்குப் போட்டே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் விதி. ஆண்டு லாபம் 15 லட்சம் பவுண்டைத் தாண்டினால் 'பெரிய' கம்பெனி. 2 கோடி பவுண்டைத் தாண்டினால் 'மிகப் பெரிய' கம்பெனி. லாபம் என்னும்போது, வரி போட வேண்டிய லாபத்தோடு, குழுமத்துக்கு (ஒரு தாய்க் கம்பெனியும் அதன் துணைக் கம்பெனிகளும்) வெளியே உள்ள கம்பெனிகளிலிருந்து வந்த வரியில்லாத டிவிடெண்டையும் கூட்ட வேண்டும். கணக்குக் காலம் 12 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் வரம்பும் அதே விகிதத்தில் குறையும். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்குத் தவணை நாள்கள் அந்த ஆண்டின் ஜூலை 14, அக்டோபர் 14, பிறகு அடுத்த ஆண்டின் ஜனவரி 14, ஏப்ரல் 14. ஒவ்வொன்றிலும் ஆண்டு முழுவதற்குமான வரியில் கால் பங்கு. 1999-இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. இந்தியாவின் அட்வான்ஸ் டாக்ஸ் பழகியவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: அங்கே ஜூன் 15-இல் 15%, செப்டம்பரில் 45%, டிசம்பரில் 75% என்று போய் மார்ச் 15-க்குள், அதாவது நிதியாண்டு முடியும் முன்பே, முழுவதும் கட்டியாக வேண்டும். பிரிட்டனில் பெரிய கம்பெனிக்கு இரண்டு தவணை ஆண்டுக்கு உள்ளே, இரண்டு ஆண்டு முடிந்த பிறகு. இந்த ஒரு விஷயம் பின்னால் ரொம்ப உதவும்.

15 லட்சமா, நமக்கு அவ்வளவு லாபம் எங்கே என்று இங்கேயே பலர் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து நிறுத்த வேண்டாம், ஏனென்றால் அந்த 15 லட்சம் ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் கட்டுப்பாட்டில் எத்தனை கம்பெனிகள் இருக்கின்றனவோ அத்தனையாலும் அதை வகுக்க வேண்டும். ஒரே ஆள் மூன்று கம்பெனி வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் வரம்பு 5 லட்சம். ஐந்து வைத்திருந்தால் 3 லட்சம். 2023 ஏப்ரல் 1-க்கு முன்பு இந்தக் கணக்கில் குழுமக் கம்பெனிகள் மட்டுமே சேர்ந்தன, ஒரு கம்பெனி இன்னொன்றின் பங்குகளில் பாதிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ தொடங்கும் கணக்காண்டுகளில், ஒரே நபரின் கட்டுப்பாட்டில் இருந்தாலே 'தொடர்புடைய கம்பெனி' என்று எண்ணிக்கையில் வந்துவிடும். நம் ஆட்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு கம்பெனி தொடங்கிப் பங்குகளைத் தங்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். அதுவரை எந்தக் கணக்கிலும் வராமல் இருந்த அவர்கள்மீதுதான் இந்த மாற்றம் நேராக விழுந்தது.

வெளிநாட்டுக் கம்பெனியும் எண்ணிக்கையில் சேரும். சென்னையில் உங்கள் கட்டுப்பாட்டில் ஒரு ஐடி கம்பெனி, யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டல் கம்பெனி இருந்தால், அவை பிரிட்டனில் ஒரு பென்னி வரிகூடக் கட்டாவிட்டாலும் உங்கள் லண்டன் கம்பெனியின் வரம்பைக் குறைக்கும். இதை அக்கவுண்டன்டிடம் சொல்லாமலே இருப்பவர்கள் நிறைய. மறைக்க வேண்டும் என்றில்லை, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஆண்டில் எந்தத் தொழிலும் செய்யாமல் சும்மா கிடக்கும் கம்பெனியை எண்ண வேண்டாம். ஆனால் ஒரே ஒரு ஃபிளாட்டை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனி 'சும்மா' கிடப்பதல்ல, பெரும்பாலும் அதுவும் எண்ணிக்கையில் வரும்.

அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்றால்? சொந்தக்காரர்கள் என்ற காரணத்துக்காக மட்டும் சேர்த்து எண்ணமாட்டார்கள். இரண்டு கம்பெனிகளும் வியாபாரத்தில் ஒன்றையொன்று கணிசமாகச் சார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பணம் கொடுத்து ஒன்றை ஒன்று தாங்குகிறதா, ஒரே வாடிக்கையாளர்கள் ஒரே நோக்கம் என்று நடக்கிறதா, ஒரே கிடங்கு ஒரே ஆட்கள் ஒரே நிர்வாகமா. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதில்லை. அண்ணனின் மொத்த வியாபாரக் கம்பெனி தம்பியின் கடைக்குக் கடனில் சரக்கு கொடுத்து, இருவரும் ஒரே கிடங்கை வைத்துக்கொண்டு, ஒரே மேனேஜர் இரண்டையும் பார்த்துக்கொண்டால், இவை தனித்தனிக் கம்பெனிகள் என்று வாதாடுவது கஷ்டம். தம்பி வேறு ஊரில் வேறு தொழில் செய்தால் கவலை இல்லை.

எண்ணிக்கையை எந்த நாளில் எடுப்பது? தவணை விதிக்கு, முந்தைய கணக்காண்டு முடிந்த நாளில் எத்தனை தொடர்புடைய கம்பெனிகள் இருந்தன என்பதுதான் கணக்கு. ஆகவே இந்த ஆண்டு நடுவில் நீங்கள் வாங்கும் புதிய கம்பெனி அடுத்த ஆண்டின் வரம்பைத்தான் குறைக்கும். எந்த வீதத்தில் வரி போடுவது என்று முடிவுசெய்ய எடுக்கும் எண்ணிக்கை வேறு, அதில் ஆண்டில் ஒரு நாள் தொடர்பு இருந்தாலும் சேரும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, வட்டிக்கு வருவோம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தீர்மானிப்பதே இந்த வட்டிதான், அதுவும் 2025 ஏப்ரலில் மாறிவிட்டது. அதற்கு முன்பு தவணையைக் குறைத்துக் கட்டினால் பிரிட்டனின் வரித் துறையான எச்எம்ஆர்சி கேட்ட வட்டி, பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டியோடு 1% மட்டும். அவ்வளவு மலிவாக வேறு எங்கே கடன் கிடைக்கும் என்று பல அனுபவசாலி அக்கவுண்டன்டுகளே 'கம்மியாகக் கட்டுங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவந்தார்கள். இப்போது அடிப்படை வட்டியோடு 2.5%. கூடுதலாகக் கட்டியிருந்தால் அவர்கள் நமக்குத் தருவது அடிப்படை வட்டியில் 0.25% குறைவு. அடிப்படை வட்டி 4% என்று வைத்தால் குறைத்துக் கட்டுவதற்கு 6.5%, கூட்டிக் கட்டியதற்கு 3.75%. கொடுக்கும் வட்டியை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், வாங்கும் வட்டிக்கு வரி உண்டு. ஆண்டு முடிந்து ஒன்பது மாதம் கடந்தும் பாக்கி இருந்தால் அதற்குப் பிறகு சாதாரணத் தாமத வட்டி ஓடும், அது அடிப்படை வட்டியோடு 4%.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரே உரிமையாளருக்கு மூன்று கம்பெனிகள், மூன்றுக்கும் 2026 காலண்டர் ஆண்டுதான் கணக்காண்டு. முதல் கம்பெனிக்கு லாபம் 8 லட்சம், மற்ற இரண்டுக்கும் 40,000-மும் 30,000-மும். வரம்பு 5 லட்சம் என்பதால் முதல் கம்பெனி 'பெரிய' கம்பெனி. 25% வீதத்தில் வரி 2 லட்சம், தவணைக்கு 50,000. போன வருடமும் வரம்பைத் தாண்டியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம், முதல் வருடச் சலுகையைப் பற்றி தனியாகச் சொல்கிறேன்.

இவர்கள் ஒரு தவணையும் கட்டாமல் 2027 அக்டோபர் 1 அன்று மொத்தமாகக் கட்டினால் என்ன ஆகும்? 6.5% மாறாமல் இருந்தால் வட்டி சுமார் 10,900 பவுண்டு, வரியில் கழித்த பிறகு 8,200 அளவில். ஓவர்டிராஃப்டுக்கு 9%, 10% கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது லாபமாகத்தான் தெரியும். ஆனால் வேண்டுமென்றே, அல்லது அலட்சியமாகத் தவணை கட்டாமல் இருந்தால் அந்த வட்டியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் போட எச்எம்ஆர்சிக்கு அதிகாரம் இருக்கிறது. மதிப்பீட்டை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டு ஆவணங்களை வாங்கிப் பார்க்கவும் அதிகாரம் உண்டு. எட்டாயிரத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு முப்பதாயிரம் கொடுக்கும் நிலைக்குப் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இந்த வழியை இதோடு விடலாம்.

நேர்மையாக மதிப்பிட்டு, அது கொஞ்சம் தவறினால் என்ன என்பதுதான் பார்க்க வேண்டிய கேள்வி. 1,60,000 வரி வரும் என்று நினைத்து முதல் இரண்டு தவணையிலும் 40,000 கட்டினார்கள், ஆண்டு முடிந்ததும் உண்மை தெரிந்து ஜனவரி 14 அன்று குறைவை எல்லாம் சேர்த்துச் சரிக்கட்டினார்கள் என்றால், வட்டி ஏறத்தாழ 490 பவுண்டு. அவ்வளவுதான். எதிர்ப்பக்கம், பயத்தில் தவணைக்குப் பத்தாயிரம் கூட்டி 60,000 கட்டி ஜனவரியில் அதைக் கழித்துக்கொண்டால், எச்எம்ஆர்சி தரும் வட்டி சுமார் 280.

இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டுக் கூட்டிக் கட்டுவதே நல்லது என்று சொல்லிவிட முடியாது, அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 9% ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்துக் கூட்டிக் கட்டினால், பேங்குக்கு 680 கொடுத்து எச்எம்ஆர்சியிடம் 280 வாங்குகிறீர்கள், 400 பவுண்டு கை நஷ்டம். 3% டெபாசிட்டில் தூங்கும் பணமாக இருந்தால், விட்டுக்கொடுப்பது 230-க்கும் குறைவு, வாங்குவது 280, சின்ன லாபம்கூட உண்டு, தவிர 6.5% வட்டியும் வராது. ஆக, கையில் பணம் இருக்கும் கம்பெனி மதிப்பீட்டின் மேல் விளிம்பில் கட்டலாம். கடனில் ஓடும் கம்பெனி, நடுவான மதிப்பீட்டை எழுதி வைத்துக்கொண்டு அதற்கு ஒரு பவுண்டும் கூட்டாமல் கட்டுவது மேல். முதல் தவணை நாளுக்கு முன்பே பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த நாள்களுக்கு வட்டி கிடையாது, அந்த அவசரம் வேண்டாம்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று: மூன்றாவது தவணை ஜனவரி 14, அதற்குள் ஆண்டு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். விற்பனை தெரியும், சம்பளம் தெரியும், சரக்கிருப்பை எண்ணி முடிப்பதுதான் பாக்கி. அந்த நாளில் ஆண்டு வரியின் முக்கால் பங்கு உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், முன்பு நடந்த தவறின் செலவு சில நூறு பவுண்டோடு நிற்கும். உண்மையான வட்டிச் செலவு வருவது, ஜூலையில் போட்ட எண்ணையே நான்கு தவணைக்கும் பேங்குக்குக் கொடுத்த நிரந்தர உத்தரவு மாதிரி அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்குத்தான். வட்டிக் கணக்கு, ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகே வருவதால், அதுவரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இப்போது முதல் வருடச் சலுகை. முந்தைய ஆண்டில் பெரிய கம்பெனியாக இல்லாமல், இந்த ஆண்டுதான் முதல்முறையாகத் தாண்டுகிறீர்கள், லாபமும் 1 கோடி பவுண்டுக்கு மேல் இல்லை என்றால், இந்த ஆண்டுக்குத் தவணை வேண்டாம், பழையபடி ஒன்பது மாதம் ஒரு நாள். அந்த 1 கோடியையும் கம்பெனி எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், நம் உதாரணத்தில் 33 லட்சத்துச் சொச்சம். வரி 10,000 பவுண்டுக்குள் இருந்தாலும் தவணை தேவையில்லை.

இது நல்ல சலுகைதான், ஆனால் இதன் வால் நீளமானது, சிக்குகிறவர்கள் அங்கேதான் சிக்குகிறார்கள். 2026-தான் முதல் வருடம், வரி 2 லட்சம், 2027-லும் அதே லாபம் என்று வையுங்கள். 2027 ஜூலை 14-இல் புதிய ஆண்டின் முதல் தவணை 50,000. அக்டோபர் 1-இல் பழைய ஆண்டின் முழு வரி 2 லட்சம். அக்டோபர் 14-இல் இரண்டாவது தவணை 50,000. மூன்றே மாதத்தில் 3 லட்சம் பவுண்டு வெளியே போகும், அதுவும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சரக்கு ஏற்ற வேண்டிய நேரத்தில். அடுத்த ஜனவரியிலும் ஏப்ரலிலும் இன்னும் இரண்டு. லாபமாக நடந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி இந்த இடத்தில் சப்ளையருக்குக் காசோலை கொடுக்க முடியாமல் நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், மனசு கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் ஒரு வருடம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம். சலுகை வருடத்தில் தவணை கட்ட வேண்டாம் என்றாலும், மாதா மாதம் அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மற்ற எல்லா ஒப்பீட்டையும்விட இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

கம்பெனிகளை ஒன்றாக்குவது நம் உதாரணத்தில் எப்படி இருக்கும்? மூன்றின் தொழிலையும் ஒரே கம்பெனிக்குள் கொண்டுவந்தால் மொத்த லாபம் 8,70,000, வரம்பு 15 லட்சம், தவணையே கிடையாது. வரி மட்டும் கொஞ்சம் கூடும். தனித்தனியாக இருக்கும்போது சின்னக் கம்பெனிகள் இரண்டும் 19%-க்கும் 25%-க்கும் நடுவில் உள்ள சலுகையைப் பெறுகின்றன, மூன்றுக்கும் சேர்த்து வரி 2,16,050. ஒன்றாக்கினால் 2,17,500. ஆண்டுக்கு 1,450 பவுண்டு கூடுதலாகக் கொடுத்து, 2 லட்சம் பவுண்டைச் சராசரியாகப் பத்து மாதம் கையில் வைத்திருக்கலாம். கடனில் ஓடும் வியாபாரத்துக்கு இது மிக நல்ல பேரம், எண்ணைப் பார்த்தால் உடனே செய்யத் தோன்றும்.

தோன்றினாலும் நிதானியுங்கள். கடைக்கு ஒரு கம்பெனி என்று வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கும்: ஒன்று விழுந்தால் மற்றது பிழைக்க வேண்டும் என்பது. ஒன்றாக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கடை லீஸை மாற்றக் கட்டட உரிமையாளரின் சம்மதம், பேங்கின் சம்மதம், ஊழியர்களை அதே நிபந்தனைகளோடு மாற்றுவது, வாட் பதிவு என்று வேலையும் செலவும் வரும். எண்ணிக்கை முந்தைய ஆண்டு முடிவில் எடுக்கப்படுவதால், நடப்பாண்டின் நடுவில் ஒன்றாக்கி அந்த ஆண்டின் தவணையிலிருந்து தப்ப முடியாது. குறைந்தது ஒரு ஆண்டு முன்னால் யோசிக்க வேண்டிய விஷயம். லாபம் 15 லட்சத்தை நோக்கி வேகமாக வளர்ந்துகொண்டிருந்தால் இரண்டு வருட நிம்மதிக்காக இவ்வளவு வேலை தேவையா என்பதும் இருக்கிறது. லாபம் நிலையாக, லீஸ் முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமே நான் இதைச் சொல்வேன்.

பெரிய குழுமங்கள் பயன்படுத்தும் இன்னொரு வழி, எல்லாக் கம்பெனிகளின் தவணையையும் ஒரே கம்பெனி மொத்தமாகக் கட்டும் குழும ஏற்பாடு. எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு என்பதைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனி 1 லட்சம் கூட்டியும் இன்னொன்று 1 லட்சம் குறைத்தும் கட்டியிருந்தால், 6.5%-க்கும் 3.75%-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு வருடத்துக்கு 2,750 பவுண்டு வீணாகும், இந்த ஏற்பாடு அதைத் தடுக்கும். இலவசம், முன்கூட்டியே எச்எம்ஆர்சியோடு ஒப்பந்தம் போட்டால் போதும். ஆனால் இது தாய்க் கம்பெனியும் அது பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் துணைக் கம்பெனிகளும் உள்ள குழுமத்துக்குத்தான். பங்குகள் தனிநபர் பெயரில் இருந்தால் கிடையாது. வரம்பை வகுக்கும்போது மட்டும் ஒரே குடும்பம், சலுகை கேட்கும்போது வேற்று ஆள். இந்த அநியாயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே ஒரு ஹோல்டிங் கம்பெனி வைக்க ஏற்கனவே வேறு காரணங்கள் இருப்பவர்கள், இதையும் தட்டில் போட்டு எடை பார்க்கலாம். வேறு எதுவும் செய்யாமல் பங்கை மட்டும் வைத்திருந்து வரும் டிவிடெண்டை அப்படியே உரிமையாளர்களுக்குக் கொடுத்துவிடும் ஹோல்டிங் கம்பெனி பொதுவாக எண்ணிக்கையில் சேராது.

'மிகப் பெரிய' கம்பெனிகளைப் பற்றிக் கொஞ்சம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய ஆண்டுகளில் அவர்களுக்கு மார்ச் 14, ஜூன் 14, செப்டம்பர் 14, டிசம்பர் 14, நான்குமே ஆண்டுக்குள். ஜனவரியில் சரிக்கட்டும் வசதி அவர்களுக்கு இல்லை, ஆகவே அங்கே கொஞ்சம் கூட்டிக் கட்டுவதே பெரும்பாலும் சரி. முதல் வருடச் சலுகையும் இல்லை. பெரியதிலிருந்து மிகப் பெரியதாக மாறும் ஆண்டில் பழைய ஆண்டின் ஜனவரி, ஏப்ரல் தவணைகளும் சேர்ந்து ஒரே காலண்டர் ஆண்டில் ஆறு தவணை வரும். கம்பெனி எண்ணிக்கை இருபது என்றால் அந்த 2 கோடி வரம்பு வெறும் 10 லட்சம் ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் உதாரணக் கம்பெனிக்கு நான் சொல்லும் வழி இது. ஜூலைக்கும் அக்டோபருக்கும் அப்போதைய மாதக் கணக்கை வைத்து ஒரு பக்க மதிப்பீடு, அதில் எந்த எண்ணை ஏன் எடுத்தோம் என்று இரண்டு வரி, தேதி போட்டு இயக்குநர் கையெழுத்து. எச்எம்ஆர்சி கேட்டால் காட்ட வேண்டியது அந்தத் தாள்தான். ஆண்டுக் கடைசியில் குளிர்பதனக் கிடங்குக்கோ எந்திரத்துக்கோ செலவு செய்யத் தீர்மானித்திருந்தால் அதற்கான கழிவை மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம், தீர்மானிக்காததைச் சேர்க்கக் கூடாது. ஜனவரி 14-இல் சரிக்கட்டல், ஏப்ரல் 14-இல் மிச்சம். அதற்குள் லாபம் சரிந்து, கட்டியது அதிகம் என்று தெரிந்தால் ரிட்டர்ன் வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிய மதிப்பீட்டைக் காரணத்தோடு எழுதி, கூடுதலாகக் கட்டியதை அப்போதே திருப்பிக் கேட்கலாம்.